‘கடற்சுவர்’ குழுவுக்குக் கண்ணீர் அஞ்சலி

எங்கள் மாமாவுக்கு இரண்டு உத்தியோகம் இருந்தது. பகலில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பனியில், கப்பலில் வந்த சாமான்களை வெளியே எடுத்துக் கொடுக்கும் வேலை. மிச்ச நேரமெல்லாம் ‘கடற்சுவர்’ குழுவின் ரசிகர். இரண்டில் எதை அவர் ஒழுங்காகச் செய்தார் என்று கேட்டால், எங்கள் வீட்டில் யாரும் முதலாவதைச் சொல்ல மாட்டார்கள்.

அவர் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர் என்பதால் கொட்டாஞ்சேனையில் எங்களோடுதான் இருந்தார். ‘கடற்சுவர்’ என்பது நான்கு பையன்கள் சேர்ந்து வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக் கராஜில் தொடங்கிய ரொக் குழு. கிட்டார் சத்தம் காதைக் கிழிக்கும். ஆனால் பாட்டு நாங்கள் கதைக்கும் தமிழில் இருக்கும். பஸ், கடற்கரை ரயில், வீட்டு வாடகை, பக்கத்து பிளாட்டில் பொரிக்கிற மீன் எல்லாம் அதில் வரும். அப்பா அதை இரும்புக் கடைச் சண்டை என்பார். மாமா சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவார். குழுவின் பெயர் போட்ட கறுப்பு டீ-சேர்ட் ஒன்று அவரிடம் இருந்தது. அதை அம்மாவிடம் துவைக்கக் கொடுக்க மாட்டார். தானே துவைத்து, நிழலில் காயப் போடுவார்.

எனக்குப் பத்து வயது நடந்த அந்த வருடம், குழு கலையப் போகிறது, கடைசியாக ஓர் அல்பம் வரும் என்று செய்தி வந்தது. சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. பாடகருக்கு மெல்பேர்னுக்கு விசா கிடைத்துவிட்டது. கிட்டார்காரர் கனடா போகிறார். டிரம்ஸ் வாசிப்பவருக்குக் கட்டாரில் வேலை. நான்காமவருக்குப் பெண் பார்த்துவிட்டார்கள், அது போதும்.

ரசிகர்கள் பல கட்சியாகப் பிரிந்தார்கள். அல்பத்தின் பெயர் ‘இறங்கும் இடம்’. காலி வீதிக் கடையில் அது வந்த அன்றே வாங்கி, இரவு பகலாகக் கேட்டு, எந்தப் பாட்டு நல்லது என்று முகநூலில் சண்டை பிடித்தது ஒரு கட்சி. பழைய பாட்டுக்குக் கிட்ட வராது என்று குறை சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டது இன்னொரு கட்சி. இதெல்லாம் விளம்பரத்துக்காக, அடுத்த வருடம் திரும்பி வருவார்கள் பாருங்கள் என்றது மூன்றாவது. மாமா எதிலும் சேரவில்லை. அவர் இரண்டு சீடி வாங்கினார். ஒன்று வைத்திருப்பதற்கு, மற்றதும் வைத்திருப்பதற்கு. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல், எங்கள் வீட்டுச் சுவரில் அடித்திருந்த சாமித் தட்டில் அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அம்மா அதை எடுத்து அலுமாரியில் வைப்பார். மாமா திரும்பக் கொண்டுவந்து தட்டில் வைப்பார். அந்தோனியார் காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் என்பதால் அவருக்கும் இதில் வேலை இருந்திருக்கலாம்.

இந்த நிலைமை ஒரு மாதம் ஓடியது. பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்துவிட்டால் முதலில் தெருவுக்குத்தான் தெரியும். ஒழுங்கை நெடுக வெள்ளைக் கொடி கட்டுவார்கள். தெருமுனையில் படம் போட்ட பெரிய பானர் ஏறும். இன்னாருக்கு எமது கண்ணீர் அஞ்சலி, இப்படிக்கு நண்பர்கள் வட்டம் என்று. யார் செத்தது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அன்று காலை அப்பா ஷிப்டுக்கும் மாமா அரைநாள் வேலைக்கும் போன பிறகு, பாண் வாங்கப் போன நான் தெருமுனையில் அப்படி ஒரு பானரைக் கண்டேன். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் முட்டை வடிவச் சட்டத்துக்குள் நான்கு முகங்கள். ‘எம்மைப் பிரிந்து செல்லும் கடற்சுவர் குழுவினருக்கு எமது கண்ணீர் அஞ்சலி. ரசிகர் வட்டம், கொட்டாஞ்சேனை.’ அந்த நான்கு முகங்களும் எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவில் ஒட்டியிருந்தவை. கடைசி அல்பம், கடைசி அல்பம் என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, அது ஏன் கடைசி என்பது அப்போதுதான் விளங்கியது. பாண் வாங்காமல் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

நான் மட்டுமா. மூலைக் கடை முதலாளி பானரைப் பார்த்து “அனே பவ்” என்று சிங்களத்தில் பரிதாபப்பட்டுத் தலையாட்டினார். நான்கு பேர் ஒன்றாகச் செத்தால் அது வேன் விபத்தாகத்தான் இருக்க வேண்டும் என்றார் மீன் வாங்க வந்த ஒருவர். வேன் என்றால் நீர்கொழும்பு ரோடு என்றார் அடுத்தவர். எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது டிரைவர் நித்திரையாகிவிட்டார் என்பது வரை செய்தியில் இருந்தது. அதைக் கொண்டுவந்தவர் மூலைவீட்டு அன்ரி, எங்கள் கோயில் ஜெபக்கூட்டத்துக்குத் தலைவி.

“அந்தப் பாட்டுப் படிக்கிற பொடியன்ட அம்மா முந்தி நம்ம கோயிலுக்குத்தானே வந்தவ,” என்றார் அன்ரி. “இப்ப வெள்ளவத்தையில. ஒரே புள்ள. நாம போகாட்டி யாரு போறது?”

அம்மா தலையில் கை வைத்தபடி கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய கவலை வேறு. “இவனுக்கு எப்பிடிக்கா சொல்லுவன்? கேள்விப்பட்டா வேல செய்ற எடத்துலயே விழுந்துருவான்,” என்றார். மாமா இருட்டோடு வேலைக்குப் போனவர், பானரைப் பார்த்திருக்க மாட்டார் என்பது அம்மாவின் கணக்கு. முதலில் செத்த வீட்டுக்குப் போய்வருவது, பின்னேரம் மாமாவை உட்கார வைத்து மெதுவாகச் சொல்வது என்று முடிவாயிற்று. போன் பண்ணி விசாரித்திருக்கலாமே என்று இப்போது கேட்பவர்கள் இருக்கிறார்கள். செத்த வீட்டுக்குப் போன் எடுத்து உண்மையா என்று எப்படிக் கேட்பது?

வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஆறேழு பெண்கள் புறப்பட்டார்கள். செத்த வீட்டுக்கு வெறுங்கையோடு போவதில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் அங்கே தேத்தண்ணி ஊற்ற வேண்டும், அந்த வீட்டுக்காரர் கடைக்குப் போகும் நிலையில் இருக்க மாட்டார்கள் என்று ஆளுக்கொரு பார்சல் சீனி, தேயிலை, பிஸ்கட் என்று கொண்டுபோவது வழக்கம். எங்கள் வீட்டு பிஸ்கட் பார்சலைத் தூக்கும் பொறுப்பு என் தம்பிக்கு. நான்கு வயது. பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டும்போது பார்சலில் ஓட்டை விழுந்திருந்தது.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அந்த பிளாட். வெள்ளைக் கொடி ஒன்றையும் காணவில்லை. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு முறை தெரியாது என்றார் மூலைவீட்டு அன்ரி. லிப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க, செபமாலை சொல்லிக்கொண்டே மாடி ஏறினோம். அன்ரி கதவைத் தட்டிவிட்டு, திறந்ததும் அழுவதற்குத் தயாராகச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

கதவைத் திறந்தவர் பாடகர்தான். சாரம் கட்டி, தோளில் துவாயோடு, கையில் பாதி தின்ற, மீன் வைத்த மாலு பணிஸோடு நின்றார்.

அன்ரி “யேசுவே” என்று அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

“ஆரைப் பாக்க வந்தனீங்கள்?” என்று கேட்டார் பாடகர்.

என் தம்பிதான் பிஸ்கட் தூள் ஒட்டிய வாயோடு சொன்னான். “ஒங்களத்தான். நீங்க செத்துட்டீங்களாம்.”

பாடகர் கையிலிருந்த பணிஸைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்து, மிகவும் மரியாதையாக, “எப்ப?” என்று கேட்டார்.

சத்தம் கேட்டு அவருடைய அம்மா வந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து கொட்டாஞ்சேனைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். இடம் மாறியும் பேச்சு மாறவில்லை. வெள்ளைச் சேலைகளையும் சீனிப் பார்சல்களையும் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். “உள்ளுக்கு வாங்கோ,” என்றார். சிரிக்கவில்லை. மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டு ஹோலில் இரண்டு பெரிய பெட்டிகள் திறந்து கிடந்தன. ஒன்றில் மிளகாய்த்தூள் பார்சல்களும் தடித்த ஜக்கெட்டும். பக்கத்தில் பெட்டி நிறுக்கும் தராசு. நாங்கள் அவற்றைச் சுற்றி, கதிரைகளில் பாதிப் பாதியாக உட்கார்ந்தோம். மூலைவீட்டு அன்ரி பானரில் இருந்ததை வரி தவறாமல் சொன்னார். ‘ரசிகர் வட்டம், கொட்டாஞ்சேனை’ என்று அவர் முடித்தபோது என் அம்மாவின் முகம் மாறியது. அந்த வட்டம் யாருடைய அறையில் கூடும், யாருடைய கணக்கில் தேத்தண்ணி குடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். எழுந்து பல்கனிக்குப் போய் போன் எடுத்தார்.

“எங்க நிக்கிற? வேல முடிஞ்சா? அப்ப நேரா வெள்ளவத்தைக்கு வா. யார் வீடா? நீ சாகடிச்ச ஆள்ட வீடு.”

மாமா அந்தக் கறுப்பு டீ-சேர்ட்டில்தான் வந்தார். எத்தனையோ வருடமாக அவர் ஆசைப்பட்ட சந்திப்பு அது. பாடகரைக் கண்டால் என்ன கேட்பேன் என்று கண்ணாடிக்கு முன்னால் அவர் ஒத்திகை பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். இப்போது செருப்புகளுக்கு நடுவே, வாசலைத் தாண்டாமல், குனிந்த தலை நிமிராமல் நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது.

“நீரோ தம்பி என்ர பிள்ளையைச் சாகடிச்சது?” என்று கேட்டார் பாடகரின் அம்மா.

“அன்ரி, நான் அப்பிடி நெனச்சிச் செய்யல்ல. குழு போகுதே எண்டுதான்... படிச்சா எல்லாருக்கும் வெளங்கும் எண்டு நெனச்சன்.”

“போறதுக்கும் சாகிறதுக்கும் வித்தியாசம் தெரியாதோ உமக்கு?”

மாமா காலால் ஒரு செருப்பை நேராக்கினார். பிறகு செருப்புகளைப் பார்த்தபடியே சொன்னார். “எங்களுக்கு ரெண்டும் ஒண்டு மாதிரித்தான் அன்ரி. எங்கட ஒழுங்கையில இருந்து போன ஒருத்தரும் திரும்பி வரல்ல.”

இதற்குப் பாடகரின் அம்மா ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திரும்பித் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். ஜக்கெட்டின் கையை மடித்து உள்ளே வைத்தார். பாடகரும் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

அவர்தான் பேச்சை மாற்றினார். “சரி, அல்பம் எப்பிடி? எந்தப் பாட்டுப் பிடிச்சது?”

“இன்னும் தெறக்கல்ல,” என்றார் மாமா.

“ஏன்?”

“கேட்டா முடிஞ்சிரும்.”

எங்கள் வீட்டில் இதைச் சொன்னால் அப்பா ஒரு வாரத்துக்குச் சிரிப்பார். இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி பாடகரின் அம்மா, “நானும் இன்னும் கேக்கேல்ல,” என்றார்.

“அம்மா, கேட்டனீங்கள் எண்டு சொன்னீங்களே,” என்றார் மகன்.

“உன்ர முகத்துக்காகச் சொன்னனான்.”

பாடகர் உள்ளே போய் சீடி பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாமாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதிரையில் இருத்தினார். ஜெபக்கூட்டத்துப் பெண்கள் வெள்ளைச் சேலையோடு தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக இருந்து, ‘கடற்சுவர்’ குழுவின் கடைசி அல்பத்தை முதலிலிருந்து கேட்டார்கள். டிரம்ஸ் தொடங்கியபோது மூலைவீட்டு அன்ரியின் கோப்பை தட்டில் கிடுகிடுத்தது. இரண்டாவது பாட்டில் செபமாலையை மடியில் வைத்தார். நான்காவதில் அவருடைய கால் தாளம் போட்டது. அதை அவர் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு பாட்டும் முடிகிறபோது அவர் முகம் இன்னும் கொஞ்சம் சுருங்கும். அடுத்தது தொடங்கும்போது விரியும்.

கடைசிப் பாட்டில் குரலே இல்லை. கிட்டார் மட்டும் மெதுவாக வந்தது. பிறகு டிரம்ஸ், தூரத்தில் போகும் ரயில் மாதிரி. பாடகர் எப்போது தொடங்குவார் என்று காத்திருந்தோம். அவர் தொடங்கவே இல்லை. சீடி பழுது என்று எனக்குத் தோன்றியது.

“அண்ணா பாட மறந்துட்டார்,” என்றேன்.

“ஓம், மறந்துதான் போச்சுது,” என்றார் பாடகர் என்னைப் பார்த்து.

அப்போது மாமா கண்ணைத் திறந்தார். அது குழுவின் முதல் பாட்டின் மெட்டு என்று கேட்டவர்களில் அவருக்குத்தான் முதலில் விளங்கியது. வேகத்தைக் குறைத்து, குரலுக்கு இருந்த இடத்தை அப்படியே காலியாக விட்டிருந்தார்கள். மாமா பாடகரைப் பார்த்தார். பாடகர் தலையை ஆட்டினார். குளியலறையில் தவிர வேறெங்கும் பாடியறியாத எங்கள் மாமா, நடுங்கும் குரலில், ‘கடல் வந்து தட்டினால் கதவைத் திற’ என்று தொடங்கினார். அவருக்கு நல்ல குரல் இருந்தது. குளியலறைத் தண்ணீர்ச் சத்தத்தில் அது எங்களுக்குத் தெரியவில்லை; அவருக்கும் தெரியாதென்று நினைக்கிறேன். இரண்டாம் தடவை அந்த வரி வந்தபோது அழுகையும் சேர்ந்து வந்தது, ஆனால் நிறுத்தவில்லை. பாடகர் எழுந்து பல்கனிக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய அம்மா மகன் பக்கம் பார்க்கவில்லை. பாடுகிற வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும், “தம்பி, இன்னொருக்காப் பாடும்,” என்றார். மாமா இன்னொருமுறை பாடினார்.

புறப்படும்போது ஒரு சின்னப் பிரச்சினை வந்தது. கொண்டுவந்த சீனியை என்ன செய்வது? செத்த வீட்டுக்குக் கொண்டுபோனதைத் திருப்பி எடுத்து வரக்கூடாது. ஆனால் இங்கே ஒருவரும் சாகவில்லை. அப்படியானால் எடுக்கலாமா? விட்டுவிட்டுப் போனால் உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஆகாதே என்றார் ஒருவர். எடுத்தால் எங்கள் வீட்டுக்கு ஆகாது என்றார் இன்னொருவர். மூலைவீட்டு அன்ரிக்கே முறை தெரியாத விஷயம் ஒன்று இருந்ததை அன்றுதான் கண்டோம். வாசலில் நின்று குசுகுசுவென்று வாதாடினார்கள்.

பாடகரின் அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. “வைச்சிட்டுப் போங்கோ,” என்றார். “எனக்கு வேண்டி வரும்.” அன்று அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

கேக் அடிக்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது அம்மாவிடம் அதைச் சொல்லி, எங்களுக்கும் ஒரு துண்டு வருமா என்று கேட்டேன். மாமா அடுத்த சீட்டில், கம்பியில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். இறங்கியதும் தெருமுனைக்குப் போய்த் தன் கையாலேயே பானரை அவிழ்த்தார். மூலைக் கடை முதலாளி ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

பாடகர் போன பிறகு வந்த முதல் சனிக்கிழமை மாமா ரசிகர் வட்டத்தைக் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனார். அடுத்த சனிக்கிழமையும் போனார். சில தடவை நானும் போயிருக்கிறேன். அந்தச் சீனியில்தான் தேத்தண்ணி வரும். கடைசிப் பாட்டைப் போட்டு ஆளாளுக்குப் பாடுவார்கள். குரல் சரியில்லாதவர்களும் பாடினார்கள். சிலர் சொந்தமாகப் பாட்டுக் கட்டிக்கொண்டு வந்தார்கள். குழுவின் டிரம்ஸ் செட்டும் அந்த வீட்டு மூலையில்தான் மூடிக் கிடந்தது; கொஞ்சக் காலத்தில் அதன் துணியையும் எடுத்தார்கள். இப்போது மாமாவுக்குச் சொந்தமாக ஒரு குழு இருக்கிறது. வயிறும் இருக்கிறது. அந்தக் கறுப்பு டீ-சேர்ட் அவருக்குப் போதாது. அதை நான் போடுகிறேன். துவைக்க மட்டும் இன்னும் அவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

போன வருடம் என் தம்பி கனடாவுக்குப் போனான். விமான நிலையத்தில் அம்மா அழவில்லை. வீட்டுக்கு வந்து, அவனுடைய அறைக் கதவைச் சாத்தினார், இரவு சாப்பாட்டுக்கு அவனுக்கும் சேர்த்துப் பீங்கான் வைத்தார், பிறகு எடுத்தார். அப்பாவும் நானும் டீவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் பின்னேரம் யாரோ கதவைத் தட்டினார்கள். காலையிலேயே வெள்ளவத்தைக்குப் போயிருந்த மாமா நின்றார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, தலை முழுதும் நரைத்துப்போன பாடகரின் அம்மா. மறு கையில் ஒரு பை.

“ஒருத்தரும் சாகேல்ல எண்டு தெரியும்,” என்றார் அம்மாவிடம். “எண்டாலும் கொண்டந்தனான்.”

பையில் ஒரு பார்சல் சீனியும் ஒரு பார்சல் பிஸ்கட்டும் இருந்தன. அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, விமான நிலையத்தில் அழாததையும் சேர்த்து அழுதார். அழுதுகொண்டே, “அவன் இருந்தா இந்த பிஸ்கட்ல பாதி பஸ்ஸிலயே முடிஞ்சிருக்கும்,” என்று சிரித்தார். மாமா சாமித் தட்டுக்குக் கீழே பிளேயரை வைத்துக் கடைசிப் பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

கேக்குக்கென்று நான் நினைத்திருந்த அந்தச் சீனி பாடகரின் அம்மாவுக்கு ஏன் வேண்டி வந்தது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. குசினிக்குப் போய், பார்சலை வெட்டி, எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன்.